பழைய கேம்பர் வேனின் இக்னிஷன் பராமரிப்பு: பாயின்ட் முதல் டைமிங் வரை

பழைய கேம்பர் வேன் காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்தாலும், பாரத்தோடு ஏற்றம் ஏறும்போது திணறினாலும், பலருடைய கை முதலில் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரை நோக்கித்தான் போகிறது. அங்குள்ள திருகுகளைத் திருப்பிப் பார்த்து, நிலைமை இன்னும் மோசமான பிறகுதான் தீப்பொறி தரும் இக்னிஷன் பக்கம் பார்வை திரும்புகிறது. உண்மையில் தீப்பொறி சரியான வலுவோடும் சரியான கணத்திலும் விழுகிறதா என்று உறுதி செய்துகொள்ளாமல் கார்புரேட்டரைத் தொடுவதில் பொருளே இல்லை. அந்த உறுதியைப் பெறுவதற்குப் பெரிய பட்டறை தேவையில்லை. சில எளிய கருவிகளும், வரிசை மாறாமல் வேலை செய்யும் பொறுமையும் போதும். அந்த வரிசையே இந்த வேலையின் உயிர். ஒரு படியில் செய்யும் மாற்றம் அடுத்த படியின் அளவை நகர்த்திவிடும் என்பதால், முன்பின்னாகச் செய்தால் செய்த வேலையையே மறுபடி செய்ய நேரிடும்.

மின்னோட்டத்தைத் திறந்து மூடும் பாயின்ட், அதில் பொறி பறக்காமல் காக்கும் கண்டென்சர், மின்னழுத்தத்தை உயர்த்தும் காயில், அதைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் ஆகியவற்றைக் கொண்ட எந்தப் பழைய வேனுக்கும் இங்கே சொல்லப்படும் முறை பொருந்தும். குறிப்பான அளவுகளுக்கு மட்டும், காற்றால் குளிரும் 4 சிலிண்டர் இன்ஜினைப் பின்புறத்தில் கொண்ட ஃபோக்ஸ்வாகன் டைப் 2 வேனை எடுத்துக்கொள்கிறேன். 1950-இல் உற்பத்தி தொடங்கிய அந்த வேனே இன்றும் பழைய கேம்பர்களில் மிகப் பரவலாக அறியப்பட்டது. வேறு வேன் வைத்திருப்பவர்கள் தத்தம் வண்டியின் சர்வீஸ் கையேட்டிலுள்ள எண்களையே பின்பற்ற வேண்டும். டைப் 2 வேனிலும் ஆண்டுக்கு ஆண்டு டிஸ்ட்ரிபியூட்டர் மாறியிருக்கிறது. முந்தைய உரிமையாளர்கள் மாற்றிப் பொருத்தியதும் உண்டு. ஆகவே டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பில் பொறித்திருக்கும் எண்ணைத் துடைத்துப் படித்து, எந்த வகை உங்களிடம் இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகே அளவுகளைத் தேடுங்கள். 1966-க்கு முந்தைய வேன்களில் 6 வோல்ட் மின்னமைப்பு இருந்தது என்பதையும், அவற்றின் காயிலும் கண்டென்சரும் 12 வோல்ட் வண்டிக்கு ஆகாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

தீப்பொறி எப்படிப் பிறக்கிறது

1910-களின் தொடக்கத்தில் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் கொண்டுவந்த பேட்டரி இக்னிஷன் முறைதான், பெரிய மாறுதல் ஏதும் இல்லாமல், இந்த வேன்களிலும் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம் காயிலின் முதன்மைச் சுற்றின் வழியாகச் சென்று, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மூடியிருக்கும் பாயின்ட் வழியே எர்த்தை அடைகிறது. காயிலின் மின்தடை ஏறத்தாழ 3 ஓம் என்றால், ஓடும் மின்னோட்டம் சுமார் 4 ஆம்பியர். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டிலுள்ள நான்கு மேடுகள் கொண்ட கேம் பாயின்ட்டைத் திறக்கும் கணத்தில் அந்த ஓட்டம் சட்டென்று அறுபட, காயிலுக்குள் இருந்த காந்தப்புலம் சரிகிறது. அந்தச் சரிவே இரண்டாம் சுற்றில் 15,000 முதல் 25,000 வோல்ட் வரையிலான அழுத்தத்தை எழுப்பி, அதே தண்டின் மேல் சுழலும் ரோட்டார் வழியாக உரிய ஸ்பார்க் பிளக்குக்கு அனுப்புகிறது. பாயின்ட் திறக்கும்போது அதன் முனைகளுக்கிடையே பொறி பறந்து ஆற்றல் வீணாகாமல் தடுப்பது கண்டென்சரின் வேலை.

இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும்போது இந்தத் திறப்பும் மூடலும் வினாடிக்கு 100 முறை நடக்கின்றன. பாயின்ட்டின் இடைவெளியில் ஏற்படும் மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு மாற்றம்கூட ஏன் வண்டியின் ஓட்டத்தில் தெரிகிறது என்பதற்கு இந்த வேகமே விடை.

தொடங்குவதற்கு முன்

கேம்பர் வேன் வெறும் வாகனம் அன்று; அதற்குள் அடுப்பும், எரிவாயு சிலிண்டரும், சில வேன்களில் சிறு சுடர் எரிந்துகொண்டே இருக்கும் எரிவாயு ஃபிரிட்ஜும் இருக்கின்றன. இக்னிஷனைச் சோதிக்கும்போது வேண்டுமென்றே பொறி பறக்கவிடுவோம். பாயின்ட்டைத் துடைக்கச் சிலர் பெட்ரோலையும் பயன்படுத்துவார்கள். எனவே சிலிண்டரின் வால்வை மூடி, ஃபிரிட்ஜின் சுடரை அணைத்து, கதவுகளைத் திறந்துவைத்து, பெட்ரோல் குழாய்களில் கசிவோ வாடையோ இல்லை என்று பார்த்த பிறகே தொடங்க வேண்டும். இதை எந்த அவசரத்திலும் தவிர்க்கக் கூடாது.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு அடைகொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்துக்கொள்ளுங்கள். மோதிரம், கைக்கடிகாரம், சங்கிலி ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். பாகங்களைக் கழற்றும் வேலை முழுவதும் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினல் கழற்றப்பட்ட நிலையிலேயே நடக்கட்டும். சோதனைகளின்போது மட்டும் இணைத்துக்கொள்ளலாம். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் ஓடும் இன்ஜினின் இக்னிஷன் பக்கம் நெருங்கவே கூடாது. இன்ஜினை ஓடவிட்டு டைமிங் (பொறி விழும் கணம்) பார்க்கும்போது தொங்கும் துணியும் அவிழ்ந்த கூந்தலும் ஃபேன் பெல்ட்டில் சிக்காதபடி கட்டிக்கொள்வதும், மூடிய கொட்டகைக்குள் இன்ஜினை ஓடவிடாமல் இருப்பதும் கட்டாயம்.

இன்னொரு எச்சரிக்கை காயிலுக்கானது. இன்ஜின் ஓடாத நிலையில் சாவியை ஆன் செய்து அப்படியே விட்டுவிட்டால், பாயின்ட் மூடியிருக்கும் பட்சத்தில் காயிலில் மின்சாரம் இடைவிடாது ஓடி, காயில் சூடேறிக் கெட்டுவிடும். சோதனை முடிந்த உடனே சாவியை அணைக்கும் பழக்கம் வேண்டும்.

கருவிகளைப் பொறுத்தவரை, பிளக் ஸ்பேனர், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ், மல்டிமீட்டர், 12 வோல்ட் பல்பில் இரு வயர் இணைத்த டெஸ்ட் லாம்ப், காந்த முனை கொண்ட ஸ்குரூ டிரைவர், பொறி விழும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட் ஆகியவை போதும். ட்வெல் கோணம் (பாயின்ட் மூடியிருக்கும் கோணம்) காட்டும் மீட்டர் இருந்தால் வேலை இன்னும் துல்லியமாகும்.

வால்வு இடைவெளி சரிபார்க்க வேண்டிய கெடு நெருங்கியிருந்தால் அதை முதலில் முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு பிளக், வயர், டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி, பாயின்ட், டைமிங், கடைசியில்தான் கார்புரேட்டர் என்பது வரிசை. பாயின்ட் இடைவெளியை மாற்றினால் டைமிங் தானாக நகரும். டைமிங்கை மாற்றினால் பாயின்ட் இடைவெளி நகராது. இந்த ஒருவழித் தொடர்பே வரிசையைத் தீர்மானிக்கிறது.

ஸ்பார்க் பிளக்

பிளக்கை எப்போதும் இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே கழற்ற வேண்டும். சிலிண்டர் ஹெட் அலுமினியக் கலவை என்பதால், சூட்டோடு கழற்றினால் மரை பிய்ந்து வரும் ஆபத்து இருக்கிறது. கழற்றும் முன் பிளக்கைச் சுற்றியுள்ள தூசியை ஊதி அகற்றாவிட்டால் அது நேரே சிலிண்டருக்குள் விழும். கழற்றிய பிளக்குகளைச் சிலிண்டர் எண் வரிசையில் அடுக்கி வையுங்கள். டைப் 2 இன்ஜினில் வண்டியின் வலப்பக்கம் முன்னே இருப்பது 1, அதே பக்கம் பின்னே 2, இடப்பக்கம் முன்னே 3, பின்னே 4.

ஒவ்வொரு பிளக்கின் முனையும் அந்தச் சிலிண்டரின் நிலையைச் சொல்லும். இளம்பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம் நல்ல எரிதலைக் காட்டுகிறது. உலர்ந்த கரும்புகை படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது பொறி பலவீனமாக இருக்கிறது. எண்ணெய் ஈரம் பளபளத்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு கைடு தேய்ந்திருக்கலாம். பீங்கான் வெளிறி, சிறு கொப்புளங்கள் தெரிந்தால் அந்தச் சிலிண்டர் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்று பொருள். அப்போது டைமிங் அதிகம் முன்னே இருக்கிறதா, கலவையில் பெட்ரோல் குறைவா, காற்றுக் கசிவு உண்டா என்று தேட வேண்டும். நான்கும் ஒரே நிறத்தில் இருந்து, அந்த நிறம் தவறாக இருந்தால் கோளாறு பொதுவானது. ஒன்று மட்டும் வேறுபட்டால் அந்தச் சிலிண்டரிலோ அதன் வயரிலோ கோளாறு இருக்கிறது.

இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர் இருக்கட்டும். வெளி மின்முனையை மட்டும் மெதுவாக வளைக்க வேண்டும். நடு முனையை நெம்பினால் பீங்கான் விரிசல் விடும். புதிய பிளக் வாங்கும்போது வெப்ப எண்ணைக் கவனியுங்கள். பாஷ் பிளக்கில் எண் கூடக்கூட அது சூடான வகை, என்.ஜி.கே. பிளக்கில் எண் கூடக்கூட அது குளிர்ந்த வகை. இந்த எதிர்மாறு தெரியாமல் எண்ணை மட்டும் ஒப்பிட்டு வாங்குவது ஆபத்து. மரைப் பகுதியின் நீளமும் பழைய பிளக்கோடு ஒத்திருக்க வேண்டும். நீளம் கூடினால் பிஸ்டனில் இடிக்கும்.

திரும்பப் பொருத்தும்போது, பிளக்கின் மேல்முனையில் ஒரு சாண் ரப்பர் குழாயைச் செருகி, அந்தக் குழாயைக் கையால் திருகியே மரையைப் பிடிக்க வைப்பது மிக நல்ல முறை. மரை தப்பாகப் பிடித்தால் குழாய் வழுக்கிவிடும், ஹெட் பிழைக்கும். கையால் முழுதும் இறுகிய பின் புதிய வாஷராக இருந்தால் ஸ்பேனரால் சுமார் அரைச் சுற்று போதும்; ஏற்கெனவே நசுங்கிய வாஷராக இருந்தால் அதைவிட மிகக் குறைவு. பிளக் கனெக்டரைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் தகரக் கவசத்தின் துளையைச் சரியாக மூடுகிறதா என்றும் பாருங்கள். அது கிழிந்திருந்தால் இன்ஜினைக் குளிர்விக்க வேண்டிய காற்று அந்தத் துளை வழியே வெளியேறிவிடும். சிறு ரப்பர்தான் என்று ஒதுக்கிவிடும் பொருள் அன்று அது.

வயர், மூடி, ரோட்டார்

பிளக் வயர்களை ஒவ்வொன்றாகவே கழற்றி மாட்டுங்கள். நான்கையும் ஒன்றாகக் கழற்ற வேண்டியிருந்தால் எண்ணிட்ட ஒட்டுநாடா சுற்றிக்கொள்ளுங்கள். டைப் 2 இன்ஜினின் எரியும் வரிசை 1-4-3-2. ரோட்டார் வலஞ்சுழியாகச் சுற்றும். முன்புறத்தில் நீளவாட்டில் இன்ஜின் கொண்ட வேறு பல வேன்களில் வரிசை 1-3-4-2 ஆக இருக்கும்.

ஒவ்வொரு வயரின் மின்தடையையும் மல்டிமீட்டரால் அளந்து ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். வயரின் வகைக்கு ஏற்ப அளவு மாறும் என்பதால், தனி எண்ணைவிட ஒப்பீடே பயனுள்ளது. நீளம் ஏறத்தாழ ஒன்றாக இருந்தும் ஒன்று மட்டும் பல மடங்கு காட்டினால் அது போய்விட்டது. இருட்டிய பிறகு இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தால், உறை வெடித்த வயரிலிருந்து நீல ஒளி கசிவது கண்ணுக்கே தெரியும்.

மூடியைக் கழற்றி உட்புறத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழை போன்ற கருங்கோடு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடினால், மின்சாரம் அந்த வழியே கள்ளத்தனமாகப் பாய்கிறது. அந்த மூடியைத் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். நடுவிலுள்ள கார்பன் முனை ஸ்பிரிங்கின் மேல் தாராளமாக உள்ளே போய் வெளியே வர வேண்டும். ஈரமான இடத்தில் இரவு முழுவதும் நின்ற வேன் காலையில் ஸ்டார்ட் ஆகாமல், வெயில் ஏறியதும் தானாகச் சரியாகிறது என்றால், மூடியின் உட்புறம் வியர்த்திருக்கிறது என்று கிட்டத்தட்ட முடிவு செய்யலாம். உலர்ந்த துணியால் துடைத்தால் உடனே பிடித்துக்கொள்ளும்.

ரோட்டாரைப் பிடித்து வலஞ்சுழியாகச் சிறிது திருகினால் அது நகர்ந்து, விட்டதும் ஸ்பிரிங்கால் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். வேகம் கூடும்போது டைமிங்கை முன்னே தள்ளும் எடைகள் தாராளமாக இயங்குகின்றன என்பதற்கு அதுவே சான்று. திரும்பாமல் ஒட்டிக்கொண்டால் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுத்தம் செய்து எண்ணெயிடாமல் மேலே போவதில் பயனில்லை. தண்டைப் பக்கவாட்டில் அசைத்தும் பாருங்கள். நன்றாக ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது. அதன் பிறகு பாயின்ட்டை எவ்வளவு கவனமாக வைத்தாலும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வோர் இடைவெளிதான் கிடைக்கும்.

பாயின்ட்டும் கண்டென்சரும்

நல்ல பாயின்ட்டின் முனைகள் மங்கிய சாம்பல் நிறத்தில் சமமாக இருக்கும். நீலமாகக் கருகியிருந்தால் மின்னோட்டம் அளவு மீறியிருக்கிறது, அல்லது கிரீஸ் முனைகளுக்கிடையே புகுந்திருக்கிறது. ஒரு முனையில் குழியும் மறுமுனையில் மேடும் வளர்ந்திருந்தால் கண்டென்சரைச் சந்தேகிக்க வேண்டும். உப்புத்தாளால் தேய்த்து மறுபடி பயன்படுத்துவது வழியில் நின்றுவிட்டபோது செய்யும் அவசர வைத்தியம். வீட்டில் இருக்கும்போது புதிய பாயின்ட் போடுவதே சரி. மாதக்கணக்கில் நின்ற வேனில் மட்டும், முனைகளில் படிந்த மெல்லிய படலத்தைச் சுத்தமான கெட்டி அட்டையை இடையே செருகி இழுத்து நீக்கினாலே பல நேரம் இன்ஜின் உயிர் பெறும்.

பாயின்ட்டைப் பிடித்திருக்கும் திருகு மிகச் சிறியது. அது டிஸ்ட்ரிபியூட்டரின் அடித்தட்டில் உள்ள துளை வழியே உள்ளே விழுந்தால் டிஸ்ட்ரிபியூட்டரையே வெளியே எடுக்க வேண்டிவரும். துளைகளின் மேல் துணித்துண்டை விரித்து, காந்த ஸ்குரூ டிரைவரால் எடுங்கள். புதிய பாயின்ட்டின் முனைகளில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெய் இருக்கும். அதை ஆல்கஹாலில் நனைத்த அட்டையால் துடைக்காவிட்டால் முதல் நாளே கருகத் தொடங்கும். பொருத்தியபின், பாயின்ட்டின் சிறு வயர் அடித்தட்டையோ சுழலும் கேமையோ தொடவில்லை என்று உறுதி செய்யுங்கள். அந்த வயர் எர்த் ஆகிவிட்டால் பொறி சுத்தமாக நின்றுபோகும். பாயின்ட் மாற்றிய உடனே ஸ்டார்ட் ஆகாத வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

பிளக்குகள் கழன்றிருக்கும் நிலையில், புல்லியின் நடு நட்டில் ஸ்பேனர் வைத்து இன்ஜினைக் கையால் வலஞ்சுழியாகத் திருப்புவது எளிது. பாயின்ட்டின் உராயும் குதிகால் கேமின் மேட்டு உச்சியில் நிற்கும்போது இடைவெளி 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஃபீலர் கேஜின் தகடு லேசான பிடிப்போடு வழுக்கிச் செல்ல வேண்டும். முனையைத் தள்ளித் திறந்துகொண்டு போகக் கூடாது. திருகை இறுக்கும்போது இடைவெளி சற்று நகரும் என்பதால், இறுக்கிய பிறகு மீண்டும் அளக்க வேண்டும். நான்கு மேடுகளிலும் அளந்து பார்க்க வேண்டும். கேமின் மேல் மிகச் சிறிதளவு கிரீஸும், ரோட்டாருக்குக் கீழே தண்டின் நடுவில் பஞ்சுத்துண்டு இருந்தால் அதில் ஒரு சொட்டு எண்ணெயும் விடுங்கள். அதற்கு மேல் விட்டால் பாயின்ட்டில் தெறிக்கும்.

ட்வெல் மீட்டர் உள்ளவர்கள் அதையே நம்பலாம். கேம் சுழலும்போது பாயின்ட் எத்தனை டிகிரி மூடியிருக்கிறது என்பதை அது காட்டும். புதிய பாயின்ட்டுக்கு 44 முதல் 50 டிகிரி சரியான எல்லை. இடைவெளி கூடினால் ட்வெல் குறையும். இடைவெளி குறைந்தால் ட்வெல் கூடும். நாள்பட நாள்படக் குதிகால் தேய்ந்து இடைவெளி சுருங்குவதால், டைமிங்கும் மெல்ல மெல்லப் பின்தங்கும். வண்டியின் இழுவை யாரும் கவனிக்காத வகையில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதற்கு இது பெரும் காரணம்.

கண்டென்சரைப் பற்றி என் கருத்து உறுதியானது: பாயின்ட் மாற்றும் ஒவ்வொரு முறையும் கண்டென்சரையும் மாற்ற வேண்டியதில்லை. நன்றாக உழைத்துக்கொண்டிருக்கும் பழைய கண்டென்சர், தரம் தெரியாத புதியதைவிட நம்பிக்கைக்குரியது. பாயின்ட் திறக்கும்போது வெளிச்சமான பொறி பறப்பது, பிளக்கில் பொறி மஞ்சளாக மெலிவது, இன்ஜின் சூடானதும் நின்று ஆறியதும் பிடிப்பது ஆகிய அறிகுறிகள் இருந்தால் மட்டும் மாற்றுங்கள். மின்தேக்கத்தை அளக்கும் வசதி மல்டிமீட்டரில் இருந்தால், வழக்கமான அளவு 0.2 முதல் 0.3 மைக்ரோஃபாரட் வரை. ஆனால் குளிர்ந்த நிலையில் சரியாகக் காட்டிவிட்டுச் சூட்டில் கைவிடும் கண்டென்சரும் உண்டு என்பதால், அந்த அளவை முழுச் சான்றாகக் கொள்ளக் கூடாது.

காயிலும் அதற்கு வரும் மின்சாரமும்

பாஷ் காயிலில் 15 என்று குறித்த முனைக்குச் சாவியிலிருந்து வயர் வர வேண்டும். 1 என்று குறித்த முனையிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வயர் போக வேண்டும். இரண்டையும் மாற்றி இணைத்தாலும் இன்ஜின் ஓடும், ஆனால் பொறி வலுவிழக்கும். வயர்களைக் கழற்றிவிட்டு 1-க்கும் 15-க்கும் இடையே அளந்தால், தனி மின்தடை சேர்க்காத 12 வோல்ட் காயில் சுமார் 3 ஓம் காட்டும். 1.5 ஓம் மட்டும் காட்டினால் அது வெளியே தனி மின்தடையோடு இணைக்க வேண்டிய வகை. அப்படி இணைக்காமல் ஓட்டினால் பாயின்ட் விரைவில் கருகும்.

காயில் நன்றாக இருந்தும் பொறி மெலிந்தால், அதற்கு வரும் மின்சாரத்தைச் சோதிக்க வேண்டும். பின்புற இன்ஜின் வேனில் இந்த வயர் முன்னாலிருக்கும் சாவியிலிருந்து வண்டியின் முழு நீளத்தையும் கடந்து வருகிறது. வழியில் பல இணைப்புகள் பச்சை பூத்திருக்கலாம். பாயின்ட் மூடிய நிலையில், சாவியை ஆன் செய்து, 15-ஆம் முனையின் வோல்டேஜை அளந்து பேட்டரியின் வோல்டேஜோடு ஒப்பிடுங்கள். பாயின்ட் திறந்த நிலையில் அளந்தால் மின்னோட்டம் இல்லாததால் கெட்ட இணைப்பும் முழு வோல்டேஜைக் காட்டி ஏமாற்றும். வேறுபாடு 1 வோல்ட்டைத் தாண்டினால், சாவியின் பின்புறத்திலிருந்து ஒவ்வோர் இணைப்பாக அளந்து வந்து, குறைவு ஏற்படும் இடத்தைக் கண்டுபிடித்துச் சுத்தம் செய்யுங்கள். கியர்பாக்ஸை உடம்போடு இணைக்கும் எர்த் பட்டையையும் மறக்க வேண்டாம்.

டைமிங்

முதலில் இன்ஜின் ஓடாத நிலையில் டைமிங்கை அமைக்க வேண்டும். ரோட்டார் டிஸ்ட்ரிபியூட்டரின் விளிம்பிலுள்ள 1-ஆம் சிலிண்டர் வெட்டுக்குறியை நோக்கும் வரை புல்லியை வலஞ்சுழியாகத் திருப்பி, புல்லியிலுள்ள டைமிங் குறியை இன்ஜின் பெட்டியின் இரு பாதிகளும் சேரும் செங்குத்துக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவாருங்கள். குறியைத் தாண்டிவிட்டால் அப்படியே பின்னுக்கு இழுத்து நிறுத்தாமல், அரைச் சுற்றுப் பின்னே போய் மறுபடி முன்னே வர வேண்டும். இல்லையேல் பற்சக்கரங்களின் தளர்வு அளவைக் கெடுக்கும். பரவலாகப் பொருத்தப்பட்டிருக்கும் பாஷ் 009 டிஸ்ட்ரிபியூட்டருக்கு இந்த நிலை, பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு 7.5 டிகிரி முன்பு.

டெஸ்ட் லாம்பின் ஒரு வயரைக் காயிலின் 1-ஆம் முனையிலும் மறு வயரை எர்த்திலும் இணைத்துச் சாவியை ஆன் செய்யுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் கிளாம்ப் நட்டைத் தளர்த்தி, அதன் உடம்பை விளக்கு அணையும் வரை வலஞ்சுழியாகத் திருப்புங்கள். அது பாயின்ட் மூடிய நிலை. பிறகு மிக மெதுவாக இடஞ்சுழியாகத் திருப்பி, விளக்கு எரியத் தொடங்கும் அந்தப் புள்ளியிலேயே நிறுத்தி இறுக்குங்கள். புல்லியை மறுபடி இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, குறி நேராகும் அதே கணத்தில் விளக்கு எரிகிறதா என்று சரிபார்த்துச் சாவியை அணையுங்கள்.

இது இன்ஜினை ஓடவைக்கப் போதும்; ஆனால் இதோடு நிறுத்துவதை நான் ஏற்கமாட்டேன். தேய்ந்த ஸ்பிரிங் கொண்ட பழைய டிஸ்ட்ரிபியூட்டர் வேகத்தில் எவ்வளவு முன்னே தள்ளும் என்பதை நின்ற நிலையில் அறிய முடியாது. இன்ஜினை அழிப்பதும் அந்த வேகத்து டைமிங்தான். டைமிங் லைட்டை 1-ஆம் பிளக் வயரில் மாட்டி, இன்ஜினைச் சூடாக்கி, வேகத்தை 3,000-க்கு மேல் கொண்டுபோய்க் குறியைப் பாருங்கள். 009 வகைக்கு மொத்த முன்னேற்றம் (உச்சிநிலைக்கு எத்தனை டிகிரி முன்பே பொறி விழுகிறது என்பது) 28 முதல் 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும்; 32-ஐ ஒருபோதும் தாண்டக் கூடாது. நின்ற நிலை அளவும் வேக அளவும் முரண்பட்டால் வேக அளவுக்கே முன்னுரிமை.

புல்லியில் அந்தக் குறி இல்லாவிட்டால் நாமே போட்டுக்கொள்ளலாம். புல்லியின் விளிம்பைச் சுற்றி நூலால் அளந்து 360-ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கான நீளம் கிடைக்கும். சுற்றளவு 540 மில்லிமீட்டர் என்றால் ஒரு டிகிரிக்கு 1.5 மில்லிமீட்டர், 28 டிகிரிக்கு 42 மில்லிமீட்டர். பின்னாலிருந்து பார்க்கும்போது, பிஸ்டன் உச்சிநிலைக் குறிக்கு வலப்பக்கம் அந்தத் தூரத்தில் வெள்ளைக் கோடு போட வேண்டும்.

இன்ஜினின் உறிஞ்சலால் டைமிங்கை நகர்த்தும் வேக்கம் குழாய் உள்ள டிஸ்ட்ரிபியூட்டர்களில் முறை மாறும். பலவற்றில் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு அளக்க வேண்டும். டைமிங்கைப் பின்னுக்கிழுக்கும் இரண்டாவது குழாய் கொண்ட சிலவற்றில், குழாய்கள் மாட்டியபடியே, உச்சிநிலைக்குப் பின்னே உள்ள குறியில் அமைக்க வேண்டும். சில பழைய டிஸ்ட்ரிபியூட்டர்களில் 3-ஆம் சிலிண்டருக்கு மட்டும் பொறி சில டிகிரி தாமதமாக விழும்படி கேமே வெட்டப்பட்டிருக்கிறது. ஆயில் கூலரின் மறைவில் நிற்கும் அந்தச் சிலிண்டர் மிகுதியாகச் சூடாகும் என்பதே காரணம். அதைக் கோளாறு என்று எண்ணித் திருத்த முயல வேண்டாம்.

டைமிங் மிக முன்னே போனால் எரிபொருள் வெடித்து எரியும், ஹெட் சூடேறும், பிஸ்டனில் ஓட்டை விழுவதும் உண்டு. முன்புற இன்ஜினில் அந்தத் தட்டல் ஓசை ஓட்டுநரின் காதுக்கு எட்டி எச்சரிக்கும். கேம்பர் வேனில் இன்ஜின் படுக்கைக்குப் பின்னே வெகு தூரத்தில் இருப்பதால், ஓசை கேட்கும் முன்பே சேதம் நடந்து முடிந்திருக்கும். பலகையும் அலமாரியும் தண்ணீரும் சுமந்து ஏற்றம் ஏறும் வேனுக்கு ஓரிரு டிகிரி குறைவாக வைப்பதில் இழப்பு ஏதும் இல்லை. ஆனால் மிகவும் பின்தள்ளினால் இழுவை குறைவதோடு எக்ஸாஸ்ட் வால்வும் சூடேறும் என்பதால், எல்லைக்குள்ளேயே இருக்க வேண்டும்.

எலக்ட்ரானிக் மாற்றும் வழித்துணையும்

பாயின்ட்டுக்குப் பதிலாக மூடிக்குள் பொருத்தும் எலக்ட்ரானிக் மாட்யூல் நல்ல மாற்றுதான். தேய்மானம் இல்லாததால் டைமிங் நிலையாக இருக்கும். ஆனால் காயிலின் மின்தடை மாட்யூல் கேட்கும் அளவைவிடக் குறைந்திருந்தாலோ, வயரை மாற்றி இணைத்தாலோ அது கணத்தில் எரிந்துபோகும். பாயின்ட் கெடும்போது மெல்ல மெல்லக் கெட்டு எச்சரிக்கும்; மாட்யூல் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும், வழியோரத்தில் பழுதுபார்க்கவும் முடியாது. அதைப் பொருத்தினாலும், அளவு வைத்துச் சோதித்த பழைய பாயின்ட்டையும் கண்டென்சரையும் திருகோடு ஒரு டப்பாவில் வண்டியிலேயே வைத்திருங்கள். கூடவே ஒரு ரோட்டார், ஒரு பிளக், ஃபீலர் கேஜ், டெஸ்ட் லாம்ப், இரு முனையிலும் கிளிப் உள்ள நீள வயர் ஆகியவையும் இருக்கட்டும்.

வழியில் இன்ஜின் திடீரென்று நின்றால், முதலில் சாவியை ஆன் செய்து காயிலின் 15-ஆம் முனையில் டெஸ்ட் லாம்பை வையுங்கள். எரியாவிட்டால் மின்சாரமே வரவில்லை. தனி மின்தடை இல்லாத காயிலாக இருந்தால், அந்த நீள வயரால் பேட்டரியின் பாசிட்டிவ் முனையை 15-ஆம் முனையோடு நேரடியாக இணைத்துப் பாதுகாப்பான இடம் வரை ஓட்டிச் செல்லலாம். அப்போது சாவியை அணைத்தாலும் இன்ஜின் நிற்காது, வயரைக் கழற்றினால்தான் நிற்கும். விளக்கு எரிந்தால், 1-ஆம் முனைக்கு மாற்றி, ஸ்டார்ட்டர் சுற்றும்போது மின்னுகிறதா என்று பாருங்கள். மின்னாமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயின்ட் மூடவில்லை அல்லது முனைகளில் அழுக்கு. எரியவே இல்லையென்றால் பாயின்ட் திறக்கவில்லை, அல்லது அதன் வயரோ கண்டென்சரோ எர்த் ஆகியிருக்கிறது, அல்லது காயிலின் முதன்மைச் சுற்றே அறுந்திருக்கிறது. ஒழுங்காக மின்னியும் பிளக்கில் பொறி இல்லையென்றால் கண்டென்சர், காயில், மூடி, ரோட்டார் என்ற வரிசையில் தேடுங்கள்.

புதிய பாயின்ட்டின் குதிகால் முதல் சில நூறு கிலோமீட்டரில் சற்று வேகமாகத் தேய்ந்து கேமோடு படியும். எனவே 500 கிலோமீட்டர் ஓடியபின் இடைவெளியையும், அதற்கடுத்து டைமிங்கையும், கிளாம்ப் நட்டின் இறுக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். பிறகு 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அதே வரிசையில் பார்த்தால் போதும். பல மாதம் நிறுத்திவைத்த வேனை, கிலோமீட்டர் எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும், அடுத்த நெடும்பயணத்துக்கு முன் இதே முறையில் சோதித்துவிட வேண்டும்.